கல்யாண ராத்திரி ஊதச் சொல்ற செக்கிங்: எங்கெங்க நிக்கறாங்க?

பொங்கலூர் பங்காளி
எல்லாருக்கும் வணக்கமுங்க. வர்ற முகூர்த்தத்துல எங்க பெரியப்பா பையனுக்குக் கல்யாணம். மண்டபம் தாராபுரம் ரோட்டுல. மொத நாள் பொழுதோட சீரு, ரிசப்ஷன். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு நாலு பக்கமிருந்தும் ஒறம்பரை (சொந்தக்காரங்க) காரு, பைக்குலதான் வருவாங்க. மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு தோட்டத்துல பங்காளிக குடிக்கறதுக்கு "ஏற்பாடு" பண்றாங்க. அதை நிறுத்த என்னால ஆகாதுங்க, சின்னவன் பேச்சு எடுபடாது.

பல்லடம் – தாராபுரம் ரோட்டுலயும், கோவைக்குள்ள நுழையற திருச்சி ரோட்டுலயும் ராத்திரி எந்தெந்த இடத்துல நின்னு ஊதச் சொல்றாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கல்யாண நேரத்துல யாரும் ஸ்டேஷன்ல போய் உக்காரக் கூடாது, அதான் கேக்கறேன்.

சூலூர் சிவா
நிலையா ஒரே இடம்னு இல்லீங்க. கோவையில அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, பொள்ளாச்சி ரோடு, எல்லாத்துலயும் வார இறுதியில பாக்கலாம். சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பக்கம் ஒரு நாள், மறு வாரம் வேற பக்கம். அவிநாசி ரோட்டு மேம்பாலம் 2025 அக்டோபர்ல திறந்ததுல இருந்து உப்பிலிபாளையத்துக்கும் கோல்டுவின்ஸுக்கும் நடுவால பத்து கிலோமீட்டர் சிக்னலே இல்லாம பறக்கறாங்க. போதையில ஏறுறவனுக்கு அது இன்னும் ஆபத்து. ஏறுற இறங்குற இடத்துல செக்கிங் நிக்கறது நியாயந்தான்.

தாராபுரம் ரோட்டுல எங்கன்னு பல்லடத்துக்காரங்க சொல்லட்டும். வாட்ஸப் குரூப்ல தாக்கல் வந்துக்கிட்டே இருக்கும், நான் வேணா சேத்து விடறேன்.

நெறியாளர்
இன்னிக்கு ராத்திரி எந்த முக்குல நிக்கறாங்கன்னு இங்க போட வேண்டாம். போட்டா எடுத்துருவோம். செக்கிங் எப்படி நடக்குது, சட்டம் என்ன, உரிமை என்ன, இதெல்லாம் தாராளமாப் பேசலாம்.

ஓய்வு ஏட்டு
பொங்கலூர் தம்பி, ஊர் பேரா பதில் சொன்னா உங்களுக்குப் பிரயோஜனப்படாது. அடுத்த வாரமே மாறிரும். இடத்தை எப்படிப் பாத்து எடுக்கறோம்னு சொல்றேன், அதுல உங்களுக்கே விளங்கிரும். நான் போக்குவரத்துல பல வருஷம் நின்னவன்.

முதல்ல வெளிச்சம் வேணும். இருட்டுல பேரிகார்டு வெச்சா, குடிச்சுட்டு வர்றவன் போலீஸ்காரர் மேலயே ஏத்திருவான். அதனால ஹைமாஸ் விளக்கு இருக்கற முக்கு, பெட்ரோல் பங்க் வெளிச்சம் விழற இடம், செக்போஸ்ட், ஸ்டேஷன் வாசல். அப்பறம் வண்டி தானாவே வேகம் குறையற இடமா இருக்கணும். பாலத்துல இருந்து இறங்குற இடம், ரவுண்டானா, சிக்னலைத் தாண்டி நூறடி. வளைவுல நிக்கவே மாட்டோம், பின்னால வர்ற லாரிக்குத் தெரியாது. தூரத்துல பாத்துட்டு சந்துக்குள்ள திரும்பிர முடியாதபடி சென்டர் மீடியன் நீளமா இருக்கற பக்கத்தைப் புடிப்போம். புடிச்ச வண்டியை ஓரங்கட்டவும் இடம் வேணும்.

நேரம்னு பாத்தா, டாஸ்மாக் 10 மணிக்குச் சாத்தறாங்க, ஓட்டல் பார் 11 மணிக்கு. அதுக்குப் பொறவு நடுராத்திரி தாண்டற வரைக்குந்தான் கூட்டம். திருப்பூர் பக்கம் சனிக்கிழமை சம்பளம், அன்னைக்கு எச்சா நிப்போம். தீபாவளி, பொங்கல், புது வருஷம், ஊர் நோம்பி, இதெல்லாம் சொல்லவே வேண்டாம்.

இப்ப நான் சொன்னதைத் திருப்பிப் பாருங்க. வெளிச்சம், அகல ரோடு, மீடியன், நாலு போலீஸ். இந்த நாலும் எங்க இருக்குதோ அங்கதான் செக்கிங். உங்க மண்டபத்துல இருந்து தோட்டத்துக்கும் ஊருக்கும் போற ரோட்டுல இதுல ஒண்ணும் கிடையாது. செக்கிங்கும் கிடையாது. நான் வேலையில இருந்த காலத்துல பஞ்சநாமாவுக்குப் போன சாவுகள்ல பாதிக்கு மேல அந்த மாதிரி ரோட்டுலதான். செக்கிங் இல்லாத ரோடுன்னா அது பத்திரமான ரோடுன்னு அர்த்தமில்ல தம்பி. அங்க உங்க ஒறம்பரையை நிறுத்தறதுக்கு ஆளில்ல, அவ்வளவுதான்.

பொங்கலூர் பங்காளி
ஐயா, நீங்க சொன்னதை ரெண்டு தடவை படிச்சேன். ஆனா நிஜமாலுமே புடிச்சா என்ன நடக்கும்ங்கறதையும் சொல்லுங்க. சித்தப்பா ஒருத்தர் "ரெண்டாயிரம் கட்டிட்டு வந்தர்லாம்"னு சொல்லிட்டிருக்கறாரு.

கோபி வக்கீல்
உங்க சித்தப்பா சொல்றது பழைய கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம். 2019 திருத்தத்துக்குப் பொறவு முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா 6 மாசம் வரைக்கும் சிறை, ரெண்டும் சேத்தும் போடலாம். மறுபடி மாட்டினா 15,000, இல்லைன்னா 2 வருஷம் வரைக்கும், இல்லைன்னா ரெண்டும். காருக்கு மட்டுமில்ல, ஸ்கூட்டிக்கும் இதேதான்.

கூட உக்காந்து வர்றவரும் "நான் ஓட்டலையே"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. குற்றத்துக்கு உடந்தைன்னு பிரிவு 188 இருக்கு, அதே தண்டனை. 2022 அக்டோபர்ல சென்னைப் போக்குவரத்து போலீஸ் இதைக் கையில எடுத்து, பின்னால உக்காந்தவங்களுக்கும் வழக்குப் போடுவோம்னு அறிவிச்சாங்க. குடிச்சவன்கிட்ட சாவியைக் குடுத்து "மெதுவாப் போ மாப்ள"ன்னு அனுப்பறவங்க இதை யோசிக்கணும்.

உரிமைன்னு கேட்டா, சீருடையில இருக்கற போலீஸ் அதிகாரியோ, அதிகாரம் குடுக்கப்பட்ட மோட்டார் வாகனத் துறை அதிகாரியோதான் ஊதச் சொல்லலாம். ஊதற குழாய் புதுசா இருக்கணும்னு கேக்கலாம். மெஷின் காட்டற அளவை நீங்க பாக்கலாம். கைது பண்ணினா 2 மணி நேரத்துக்குள்ள பதிவு பெற்ற மருத்துவர்கிட்டப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போகணும், இல்லைன்னா விட்டுரணும், இது பிரிவு 202. ஊதமாட்டேன்னு அடம் புடிச்சா அதுவே உங்களுக்கு எதிரா நிக்கும், பிரிவு 205. அதனால ஊத மறுக்கச் சொல்லி யாரும் இங்க யோசனை சொல்லாதீங்க.

இருமல் டானிக், மவுத்வாஷ் மாதிரி ஏதாச்சும் அப்பத்தான் வாயில ஊத்தியிருந்தா அளவு எச்சாக் காட்டும். அப்படிப்பட்டவங்க கால் மணி நேரம் கழிச்சுத் திரும்ப ஊத விடுங்கன்னு மரியாதையாக் கேக்கலாம். வாயில இருக்கறது அதுக்குள்ள போயிரும், ரத்தத்துல இருந்து நுரையீரல் வழியா வர்றது போகாது. வெத்தலை, பாக்கு, கொய்யா இலை, பபுள்கம் எதுவும் உதவாததுக்கும் இதுதான் காரணம்.

சங்ககிரி லாரிப்பட்டறை
அபராதத்தை விடுங்க, லைசென்ஸை யாரும் பேசலையே. சுப்ரீம் கோர்ட் சாலைப் பாதுகாப்புக் குழு 2015லயே மாநிலங்களுக்குச் சொல்லிருச்சு: குடிச்சு ஓட்டினா குறைஞ்சது 3 மாசம் லைசென்ஸை நிறுத்தி வைக்கணும்னு. ஹெவி லைசென்ஸ் வெச்சுப் பொழைக்கற டிரைவருக்கு மூணு மாசம் வண்டி ஏற முடியலைன்னா ஊட்ல அடுப்பெரியாது.

எங்க பட்டறையில ஊதற மெஷின் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறோம். லோடு எடுக்கறதுக்கு முன்னால ஊதிட்டுத்தான் சாவி. ஓனர் பையனா இருந்தாலும் அதேதான். ஆரம்பத்துல டிரைவருக மனசு சங்கடப்பட்டாங்க. இப்ப அவங்களே "ஊதிட்டேன், எழுதிக்குங்க"ன்னு சொல்றாங்க. போலீஸ் நிக்கற இடத்தைத் தேடிக்கிட்டு இருக்கறதை விட வண்டி கிளம்பற இடத்துலயே செக்கிங் வெச்சர்லாம்ங்க.

நொய்யல்கரை
எல்லாரும் குடிக்கறவனையே சொல்றீங்க. கடையை நடத்தறது அரசாங்கம். 2003ல இருந்து சில்லறை விற்பனையே டாஸ்மாக்தான். பார் வாசல்ல வரிசையா பைக்கு நிக்குது, பஸ் வசதி இல்லாத இடத்துல கடை வெச்சிருக்கறாங்க. அங்க குடிச்சவன் எப்படி ஊட்டுக்குப் போவான்? வித்துட்டு, அரை கிலோமீட்டர் தள்ளி நின்னு புடிக்கறது என்ன நியாயம்?

சாமளாபுரம் அக்கா
நொய்யல்கரை தம்பி, உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆனா அந்தக் கதையை முழுசாப் பேசணும்.

நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2016 டிசம்பர்ல தீர்ப்புச் சொன்னது, தமிழ்நாட்டுல இருந்து போன வழக்குலதான். குடிச்சுட்டு நெடுஞ்சாலையில ஓட்டிச் சாகறாங்கன்னு போட்ட வழக்கு அது. 2017 ஏப்ரல்ல கடைகளை மூடினாங்க. மூடினதை எங்க கொண்டு வந்தாங்க? ஊருக்குள்ள. தோட்டத்து ரோட்டுல. அந்த மாசந்தான் எங்க சாமளாபுரத்துல பொம்பளைங்க ரோட்டுல உக்காந்தாங்க. போலீஸ் அடிச்சதை டிவியில ஊரே பாத்துச்சு. நாங்க அன்னைக்கு எதுக்கு உக்காந்தோம்னு பல பேருக்கு மறந்து போச்சு. பொழுதோட பனியன் கம்பெனி விட்டு நடந்து வர்ற பொண்ணுகளும், ட்யூஷன் முடிஞ்சு சைக்கிள்ல வர்ற கொழந்தைகளும் போற ரோட்டுல குடிச்சவன் வண்டி ஓட்டிட்டு வர்றான்னுதான் உக்காந்தோம்.

ஏட்டய்யா சொன்னதோட இதைச் சேத்துப் பாருங்க. கடை சின்ன ரோட்டுக்கு வந்துருச்சு. செக்கிங் பெரிய ரோட்டுலயே நிக்குது. நடுவால எங்க கொழந்தைக நடக்குதுங்க.

அரசாங்கத்துகிட்டக் கேக்கறதை நிச்சயமாக் கேக்கணும். பார் இருக்கற ஒவ்வொரு கிளை ரோட்டுலயும் வாரத்துல ஒரு நாளாச்சும் போலீஸ் நிக்கணும், எந்த நாள்னு யாருக்கும் தெரியக் கூடாது. ஆனா அரசாங்கம் விக்குதுங்கறதுக்காக எங்க ஊட்டுப் பிள்ளை மேல வண்டி ஏத்தறதுக்கு யாருக்கும் உரிமை வந்துராது.

ஓய்வு ஏட்டு
அக்கா சொல்றதை ஒத்துக்கறேன். ஆள் பத்தலைங்கறதுதான் நாங்க சொல்ற பதில். அது உண்மைதான், ஆனா முழு உண்மை இல்ல. கணக்குக் காட்டறதுக்கு வழக்கு எச்சா விழற இடத்துல நிக்கணும்னு ஒரு அழுத்தம் இருக்கு. மெயின் ரோட்டுல ஒரு ராத்திரியில விழற வழக்கு, கிராமத்து ரோட்டுல ஒரு மாசம் நின்னாலும் விழாது. உசுரு எங்க போகுதுன்னு பாத்து நின்னா இடம் மாறும். விபத்து நடந்த இடம் எல்லாம் ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர்.ல இருக்குது. அதை மேப்புல புள்ளி வெச்சாப் போதும்.

பவானிசாகர்
ஒரு விஷயம் சேக்கறேன். செக்கிங்குக்குப் பயந்து வாய்க்கா மேட்டு ரோட்டுல போறவங்க இங்க நிறைய. கீழ்பவானி வாய்க்கா சுமார் 200 கிலோமீட்டர் ஓடுது. பல இடத்துல கரை ரோட்டுக்குத் தடுப்பே கிடையாது. தண்ணி விட்டிருக்கற மாசத்துல கார் உள்ள போச்சுன்னா கதவைத் தொறக்க முடியாது. தண்ணி இல்லாத மாசத்துல கரைச் சரிவு. உங்க பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் – ஆழியாறு) வாய்க்காலும் அப்படித்தான். அது போக ரோட்டோரக் கிணறு. எங்க ஊர்ப்பக்கம் கைப்புடிச் செவுரு இல்லாத கிணறு இன்னும் எத்தனையோ இருக்குது. நல்லா இருக்கறவனுக்கே ராத்திரியில அந்த ரோடு கஷ்டம். "சந்துல போய்ட்லாம் வா"ன்னு சொல்ற கூட்டாளியை நம்பாதீங்க.

பெருந்துறை கேஷுவாலிட்டி
நான் அவசர சிகிச்சைப் பிரிவுல செவிலியர். சனி, ஞாயிறு ராத்திரி ட்யூட்டின்னா பெரும்பாலும் தலைக்காயம்தான்.

குடிச்சவருக்குத் தலையில அடிபட்டா எங்களுக்கு என்ன கஷ்டம்னு வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியறதில்ல. தூக்கக் கலக்கம், வாந்தி, உளறல், கூப்பிட்டா சரியாப் பதில் வராதது. மண்டைக்குள்ள ரத்தம் கசியறதுக்கும் இதே அறிகுறிதான், போதைக்கும் இதேதான். கூட வந்தவங்க "போதைங்க, தூங்கினாச் சரியாயிரும்"னு சொல்லுவாங்க. ஊட்டுக்கே கூட்டிட்டுப் போய் படுக்க வெச்சு, காலையில பேச்சு மூச்சு இல்லாமத் தூக்கிட்டு வந்தவங்க உண்டு. தயவு செஞ்சு கேளுங்க: குடிச்சிருந்தாலும் சரி, தலையில அடின்னா நேரா ஆஸ்பத்திரி. 108க்குப் போன் பண்ணுங்க. போலீஸ் கேஸ் ஆயிருமேன்னு மறைக்காதீங்க. தமிழ்நாட்டுல "இன்னுயிர் காப்போம்" திட்டத்துல முதல் 48 மணி நேரம் சிகிச்சை இலவசம், குடிச்சிருந்தாருங்கறதுக்காக யாரையும் திருப்பி அனுப்பறதில்ல.

இன்னொண்ணு. குடிச்சு ஓட்டினவரை விட, அவர் வண்டியில அடிபட்டு வர்றவரைப் பாக்கறதுதான் எங்களுக்குத் தாங்க முடியாது. அவரு எந்தப் பாவமும் பண்ணலை. ஷிஃப்ட் முடிச்சுட்டு மில்லுல இருந்து நடந்து வந்திருப்பாரு.

தாராபுரம் வேதியியல்
முகூர்த்தம் வெள்ளெனதானுங்களே? அதைப் பத்தி யாரும் சொல்லலை. நான் வேதியியல் ஆசிரியர், கணக்குப் போட்டுக் காட்டறேன்.

ஒரு குவாட்டர் 180 மில்லி. பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். அப்ப சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில சுமார் 61 கிராம். 70 கிலோ இருக்கற ஆம்பளைக்கு ரத்தத்துல ஏறக்குறைய 100 மில்லிக்கு 125 மில்லிகிராம் வரைக்கும் ஏறலாம். ஈரல் மணிக்கு அந்த அளவுல 15 மில்லிகிராம்தான் சுமாராக் குறைக்கும். ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும், ஆனா மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணிக் குளியல், காப்பி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

ராத்திரி 10 மணிக்கு ஒரு குவாட்டர் முடிச்சவர் காலையில 4 மணிக்குக் கார் எடுத்தா இன்னும் 30க்கு மேல இருக்க வாய்ப்பு உண்டு. "தூங்கி எந்திரிச்சாச்சு, தெளிஞ்சாச்சு"ன்னு அவரு நம்புவாரு. ஒரு ஆஃப் அடிச்சவர் முகூர்த்தம் முடிஞ்சு, விருந்து சாப்பிட்டு, மத்தியானம் ஊட்டுக்குக் கிளம்பறப்பவும் தேறியிருக்க மாட்டாரு. கல்யாண ஊட்டுல ராத்திரியை விட அந்த விடியக்கால ஓட்டந்தான் எனக்குப் பயம். தூக்கமும் இருக்காது.

சூலூர் சிவா
வாட்ஸப் குரூப்ல சேத்து விடறேன்னு சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன். வக்கீல் சார், இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

கோபி வக்கீல்
உங்க வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர வேண்டியதில்ல. ஊதற டெஸ்ட் எடுக்கலைன்னாலும், குடிச்சிருந்தார்னு சூழ்நிலை காட்டினாப் போதும்னு 2021ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்குல சொல்லிருச்சு. அடிபட்ட மூணாம் நபருக்கு நஷ்டஈட்டைக் கம்பெனியைக் கட்டச் சொல்லிட்டு, அதை வண்டி ஓனர்கிட்டத் திருப்பி வசூல் பண்ணிக்கன்னு நீதிமன்றங்கள் உத்தரவு போடறது உண்டு. தோட்டம் துரவு வெச்சிருக்கறவங்க இதைக் கேட்டுக்கணும். உசுருச் சேதம்னா ஜாமீன், வழக்குன்னு வருஷக்கணக்கா இழுக்கும்.

காங்கேயம் மருமக
பங்காளி தம்பி, நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊட்டு விசேஷத்துல நாங்க பண்ணினதைச் சொல்றேன், வேணும்னா எடுத்துக்குங்க.

மண்டப வாசல்ல சந்தனம், கல்கண்டு தட்டுக்குப் பக்கத்துல ஒரு சாவிப் பலகை வெச்சோம். உள்ள வர்றப்பவே காரு, பைக்கு சாவியை மாட்டிரணும், பேர் எழுதின அட்டையோட. பொறுப்பு எங்க பெரிய மாமாவுக்கு. குடிக்காதவர், அவர் சொன்னா ஊரே கேக்கும். சின்னவங்க கேட்டா சண்டை வரும், பெரியவங்க கையில இருந்தா வாயைத் திறக்க மாட்டாங்க. கிளம்பறப்ப அவரு முன்னால நின்னு பேசணும். வாசம் வந்துச்சுன்னா சாவி அந்த ஊட்டுப் பொம்பளைகிட்டப் போகும், இல்லைன்னா ஆக்டிங் டிரைவர்கிட்ட. எங்க பக்கம் இப்ப பாதிப் பொண்ணுக கார் ஓட்டறாங்க, லைசென்ஸ் இருக்குது, ஆனா புருஷன் பக்கத்துல இருந்தா சாவியைக் கேக்கக் கூச்சம். மாமாவே கூப்பிட்டுக் குடுத்தா அந்தக் கூச்சம் போயிரும்.

அப்பறம், படுக்கிறதுக்கு இடம். மண்டபத்து மாடியில பாய், தலகாணி எச்சாச் சொல்லி வெச்சுருங்க. நெறையப் பேரு ஓட்டறதே படுக்க இடமில்லாமத்தான்.

பொங்கலூர் பங்காளி
அக்கா, பெரிய மாமா மாதிரி எங்க ஊட்டுல எங்க அப்பாரு இருக்கறாரு. இந்த இழையை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். வேதியியல் சார் கணக்கைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாரு. பொறவு பெரியப்பாவைக் கூப்பிட்டு அவரே பேசிட்டாரு. ரெண்டு வேன் சொல்லியாச்சு: ஒண்ணு பல்லடம் வழியா கோவைக்கு, இன்னொண்ணு காங்கேயம் வழியா ஈரோட்டுக்கு. ஆக்டிங் டிரைவர் மூணு பேரு வர்றாங்க. தோட்டத்து ஏற்பாடு நடக்கும், ஆனா அங்க போறவங்க சாவி அப்பாரு கையில. விடியக்காலம் மண்டபத்துக்கு வர்றதுக்கும் அதே வேன்தான்.

டிரைவருகளுக்கு வேற என்ன பாக்கணும்?

சங்ககிரி லாரிப்பட்டறை
முதல் பந்தியிலயே சாப்பாடு போட்டு, ட்ரிப் இல்லாத நேரம் படுக்கறதுக்குச் சத்தமில்லாத ரூம் குடுத்துருங்க. ராத்திரி முழுக்க ஓட்டிட்டு விடியக்காலமும் ஓட்டறவரும் கண் அசந்தா அதேதான். கோவை ட்ரிப் ஓட்டினவரையே காலையில திரும்ப ஏத்தாம மாத்தி விடுங்க. முன்பணம் குடுக்கறப்பவே "ஊதிட்டுத்தான் சாவி"ன்னு அவங்ககிட்டயும் சொல்லிருங்க. மெஷின் வேணும்னா எங்க பட்டறையில வந்து வாங்கிட்டுப் போங்க, விசேஷம் முடிஞ்சு குடுத்தாப் போதும்.

பொங்கலூர் பங்காளி
வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கறேனுங்கண்ணா.